கருமபீடத்தில் இருந்தவள் பார்த்த பிரித்தானியத் தொடர்கள்

ஹாம்ப்ஷயரில் ஒரு சின்னக் கிராமம். கடையும் உப தபாலகமும் ஒரே கூரைக்குக் கீழே. ஜோ ஹமில்டன் என்ற பெண் கணக்கு முடித்துக்கொண்டிருக்கிறார். இரண்டாயிரம் பவுண்ஸ் சொச்சம் குறைகிறது என்று கம்பியூட்டர் காட்டுகிறது. உதவி இலக்கத்துக்கு அழைக்கிறார். மறுமுனையில் சொல்லச் சொல்ல ஒவ்வொரு பட்டனாக அமத்துகிறார். குறைகிற தொகை அவர் கண்ணுக்கு முன்னாலேயே இரண்டு மடங்காகிறது.

ஐடிவி தயாரித்த 'மிஸ்டர் பேட்ஸ் வெர்சஸ் த போஸ்ட் ஒபிஸ்' தொடரில் வரும் காட்சி இது. பார்த்துக்கொண்டிருந்த எனக்கு வயிறு குளிர்ந்துபோனது. நான் இளைப்பாறிய உப தபால் அதிபர். மண்டூருக்குப் பாதையில், அதாவது வாவியைக் கடக்கும் மிதவையில், தபால்பை போன காலத்தில் வேலைக்குச் சேர்ந்து, மட்டக்களப்பின் எழுவான்கரைக் கிராமம் ஒன்றில் கருமபீடத்திலேயே தலை நரைத்தவள். கணக்கு முடிக்கிற நேரம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். முத்திரை விற்ற காசு, காசுக்கட்டளை, சேமிப்பு வங்கிப் புத்தகம், மின்சார பில், பிச்சைச் சம்பளம் என்கிற அரச உதவிப்பணம் வாங்க விடியவே வந்து திண்ணையில் குந்தியிருக்கும் வயது போனவர்கள் எல்லாம் முடிந்து, இரும்புப் பெட்டியைப் பூட்டுவதற்கு முன் கையிலுள்ள காசும் பேரேட்டிலுள்ள தொகையும் ஒன்றாக நிற்கவேண்டும். பத்து ரூபாய் குறைந்தாலும் நெஞ்சு பதறும். ஆனால் எங்களிடம் கடதாசி இருந்தது. விரலால் தொட்டுத் தொட்டுக் கீழிருந்து மேலே போனால் பிழை ஓரிடத்தில் அகப்படும். 6 என்று எழுதியதை 0 என்று கூட்டியிருப்போம். இல்லையென்றால் ரசீது ஒன்று இரண்டு தாளுக்கு நடுவில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஜோவுக்கு அப்படித் தொட்டுப் பார்க்க ஒன்றும் இல்லை. தொகை எங்கிருந்து வருகிறது என்று பார்க்கிற கதவு பூட்டியிருக்கிறது. திறப்பு வேறு யாரிடமோ. ஜோவாக மொனிக்கா டோலன் அந்த இடத்தை நடித்திருக்கிற விதத்தைக் கருமபீடத்தில் வேலை பார்த்த எவரும் மறக்கமாட்டார்கள். கணக்கில் குழம்பிய மனிசியின் முகத்தில் முதலில் வருவது கோபம் அல்ல, வெட்கம். அது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

2024 ஜனவரி மாதம் முதலாம் திகதியிலிருந்து நான்கு இரவுகள் தொடர்ந்து ஒளிபரப்பானது இது. நான் அப்போது லண்டனில் மகன் வீட்டில் இருந்தேன். கதை உண்மைக் கதை. பிரித்தானியத் தபால் நிறுவனம் 1999இல் ஃபுஜிட்சுவின் 'ஹொரைசன்' என்ற மென்பொருளைக் கிளைகளில் புகுத்தியது. அதில் பிழைகள் இருந்தன. இல்லாத குறைவுகளை அது காட்டியது. உப தபால் அதிபர்கள் களவெடுத்தார்கள், பொய்க்கணக்கு எழுதினார்கள் என்று வழக்குகள் வந்தன. 1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கு மேற்பட்டோர் குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். பெரும்பாலான வழக்குகளைத் தபால் நிறுவனமே தொடுத்தது. குறை சொல்கிறவரும் விசாரிக்கிறவரும் வழக்குப் போடுகிறவரும் ஒருவரே என்றால் சின்னக் கிளைக்காரர் எங்கே போவார்?

எழுத்தாளர் க்வினெத் ஹியூஸ் இந்தப் பெரிய விசயத்தை எடுத்துக்கொண்ட விதம்தான் என்னைக் கட்டிப்போட்டது. மென்பொருளை விளக்க அவர் நேரம் செலவழிக்கவில்லை. குற்றம் சாட்டப்பட்டவரோடு ஒரே வீட்டில் இருப்பவர்களையும், அவரிடம் முத்திரை வாங்கிய ஊராரையும் விடாமல் காட்டுகிறார். ஜோ சிறைக்குப் போகாமல் இருப்பதற்காகப் பொய்க்கணக்கு எழுதினேன் என்று ஒப்புக்கொள்கிறார். ஊர்ச்சனம் காசு சேர்த்துக் கொடுக்கிறது, நீதிமன்றத்துக்கும் கூடவே வருகிறது. இன்னொரு உப தபால் அதிபர் லீ காசில்டனுக்கு அப்படி நடக்கவில்லை. அவர் சட்டத்தரணி வைக்க வழியில்லாமல் தானே வழக்காடித் தோற்று, 3 இலட்சத்து 21 ஆயிரம் பவுண்ஸ் செலவுத்தொகை தலையில் விழுந்து வங்குரோத்தாகிறார். அவருடைய பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் கேலி. கிராமத்துத் தபாலகத்தில் இருப்பவர் எல்லார் வீட்டுக் காசையும் கடிதத்தையும் அறிந்தவர். அவர்மேல் களவுப்பட்டம் விழுந்தால் தெருவில் எப்படி நடப்பது என்பதைத் தொடர் ஒவ்வொரு வீடாகப் போய்க் காட்டுகிறது. இந்தியப் பூர்வீகம் கொண்ட ஜாஸ் சிங்கும் அவர் மனைவியும் வருகிற இடங்களில் எனக்கு மூச்சு முட்டியது. அந்தப் பெண் யாருக்கும் சொல்லாமல் உள்ளுக்குள்ளேயே போட்டு அமத்திக்கொள்கிற விதம் நம் வீடுகளில் பார்த்ததுதான்.

உதவி இலக்கத்தில் இருந்தவர்கள் எல்லாருக்கும் சொன்ன பதில் ஒன்றுதான்: உங்களுக்கு மட்டும்தான் இப்படி நடக்கிறது, வேறு யாரும் முறையிடவில்லை. அத்தனை பேரையும் தனித்தனி அறையில் போட்டுப் பூட்டியது இந்த ஒரு பொய்தான். அதனால்தான் 2009இல் ஃபென்னி கொம்ப்டன் என்ற கிராமத்து மண்டபத்தில் நடக்கும் கூட்டம் தொடரின் உச்சம் ஆகிறது. யாராவது வருவார்களா என்ற தவிப்பில், கூட்டத்தைக் கூட்டிய முன்னாள் உப தபால் அதிபர் அலன் பேட்ஸ் நிற்கிறார். ஆட்கள் ஒவ்வொருவராக வருகிறார்கள். எனக்கும் அதே, எனக்கும் அதே என்று பேச்சுத் தொடங்குகிறது. தனித்தனியே பிள்ளைகளைத் தேடித் திரிந்த தாய்மார் ஒருநாள் ஒரே மரத்தடியில் சந்தித்ததை எங்கள் பகுதி பார்த்திருக்கிறது. அந்த முகங்களை எனக்குத் தெரியும். ஃபென்னி கொம்ப்டனில் அதே முகங்கள்.

டோபி ஜோன்ஸ் நடித்த பேட்ஸ் சத்தம் போடாதவர். கோப்புகளை அடுக்கி வைப்பார், கடிதம் எழுதுவார், பதில் வராவிட்டால் மறுபடியும் எழுதுவார். வேல்ஸின் கரையோர ஊரில் கிளை பறிபோன நாளிலிருந்து இருபது வருடம் இதுதான் வேலை. கூட இருக்கும் சுசானாக ஜூலி ஹெஸ்மன்ட்ஹால்க். புருசன் நியாயத்துக்காகப் போராடுகிற வீட்டில் சமையலும் செலவும் கவலையும் யாருடையது என்பதை அவர் பெரிய வசனம் எதுவும் இல்லாமல் சொல்லிவிடுகிறார். எனக்குப் பிடித்த சோடி.

குறையும் உண்டு. நான்காம் பகுதி அவசரமாக ஓடுகிறது. 555 பேர் சேர்ந்து போட்ட வழக்கும், 57.75 மில்லியன் பவுண்ஸ் இணக்கமும், அதில் பெரும்பகுதி வழக்குச் செலவுக்கே போய் ஒருவருக்குச் சராசரி 20 ஆயிரம் அளவில் மிஞ்சியதும் கொஞ்ச நேரத்தில் கடந்துபோகின்றன. அந்த வெற்றியில் இருந்த கசப்பு இன்னும் ஒரு மணித்தியாலத்துக்கு உரியது. தலைமை அதிகாரி போலா வெனல்ஸாக லியா வில்லியம்ஸ் நன்றாகவே செய்கிறார், ஆனால் அவருக்கு எழுதப்பட்டது குறைவு. அவர் ஆங்கிலிக்கன் திருச்சபையில் குருத்துவம் பெற்றவரும்கூட. பிரசங்கம் செய்கிற வாயும் மறுப்புக் கடிதத்துக்குக் கையெழுத்து வைக்கிற கையும் ஒரே ஆளில் எப்படி இருந்தன என்று தெரிந்துகொள்ள நான் காத்திருந்தேன். தொடர் அங்கே போகவில்லை.

ஆனாலும் இந்தத் தொடர் செய்ததை வேறு எந்தத் தொடரும் செய்து நான் கண்டதில்லை. 'கம்பியூட்டர் வீக்லி' சஞ்சிகை 2009இலேயே இந்த விசயத்தை எழுதியது. 2019இல் உயர் நீதிமன்றம் மென்பொருளில் பிழை இருந்ததென்று தீர்ப்பளித்தது. 2021இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனைகளை நீக்கியது. எல்லாம் நடந்தும் நாடு அசையவில்லை. நான்கு இரவு நாடகம் பார்த்தபிறகு, வெனல்ஸின் அரச கௌரவத்தைப் பறிக்கச் சொல்லும் மனுவில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்து வைத்தார்கள், வெனல்ஸ் அந்தக் கௌரவத்தைத் திருப்பிக் கொடுப்பதாக அறிவித்தார், அதே வருடம் மே மாதம் நாடாளுமன்றம் தண்டனைகளை மொத்தமாக நீக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. நாடகம் பார்த்து அழுவது வீண்வேலை என்று சொல்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

அதே 2024 ஜனவரி முதலாம் திகதி நெட்பிளிக்ஸில் வந்தது 'ஃபூல் மீ வன்ஸ்'. எட்டுப் பகுதி. செத்துப்போன புருசன் வீட்டுக் கமராவில் தெரிகிறான் என்று தொடங்குகிறது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் ஒரு திடுக்கிடல், அடுத்த பகுதியில் அதற்கு ஒரு சமாளிப்பு. செத்தவர்களுக்காக யாரும் இரண்டு நிமிடம் சேர்ந்தாற்போல் துக்கப்படுவதில்லை. ஜொவானா லம்லிக்காக முடிவுவரை பார்த்தேன். மனதில் ஒன்றும் தங்கவில்லை.

இனி 'அடலசன்ஸ்'. 2025 மார்ச்சில் நெட்பிளிக்ஸில் வந்தது. நான் ஊருக்குத் திரும்பிவிட்டேன். கல்லடியில் மகளுக்கு எழுதிக்கொடுத்த வீட்டில் மகள், மருமகன், நான் மூன்று பேரும் இருந்து பார்த்தோம். பேரனுக்குப் பதினான்கு வயது. அவனை முதலில் சேர்க்கவில்லை.

பதின்மூன்று வயது ஜேமி மில்லர், கூடப் படிக்கும் கேட்டி என்ற பிள்ளையைக் குத்திக் கொன்றதாகப் பொலிஸ் விடியற்காலை கதவை உடைத்துக்கொண்டு வருகிறது. பயத்தில் பிள்ளை சிறுநீர் கழித்துவிடுகிறான். அவன் படுக்கும் அறைச் சுவரில் கிரகங்களும் நட்சத்திரங்களும். அவன் செய்தானா என்ற கேள்வியை முதலாம் பகுதியின் முடிவிலேயே ஒரு கண்காணிப்புக் கமராப் பதிவு தீர்த்துவிடுகிறது. மிச்சம் மூன்று பகுதிகளும் வேறொன்றைக் கேட்கின்றன. ஜாக் தோர்னும் ஸ்டீபன் கிரஹாமும் எழுதியது, பிலிப் பரன்டினி இயக்கியது. கிரஹாமே தகப்பன் எடியாகவும் நடிக்கிறார்.

ஒவ்வொரு பகுதியும் வெட்டே இல்லாமல் ஒரே ஓட்டத்தில் படமாக்கப்பட்டது. ஒருவர் பிழைவிட்டாலும் மணித்தியாலம் முழுவதும் மறுபடி. முதலாம் பகுதிக்கு இரண்டாவது தடவை எடுத்ததையும் நான்காம் பகுதிக்கு 16ஆவது தடவை எடுத்ததையும் பயன்படுத்தினார்கள். எங்கள் ஊரில் வடமோடிக் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தப் பதற்றம் புதிதல்ல. சலங்கை கட்டி வட்டக்களரிக்குள் இறங்கியவன் தாளம் தப்பினாலும் நின்று திரும்பிப் போகமுடியாது. கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் மத்தளத்தில் அவனைத் தாங்கிப் பிடிக்கவேண்டும், அவன் ஆடியே தீரவேண்டும். 'அடலசன்ஸ்' பார்க்கும்போது எனக்கு அந்த இறுக்கம் வந்தது. கமரா வெட்டாததால் நாங்களும் முகத்தைத் திருப்பமுடியாது. பொலிஸ் நிலையத்தில் பிள்ளையின் உடுப்பைக் களைந்து சோதிக்கிறார்கள். தகப்பன் அதே அறையில் நிற்கிறார். கமரா அவருடைய முகத்தோடு நிற்கிறது. மகள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இரண்டாம் பகுதி பள்ளிக்கூடத்தில் நடக்கிறது. நான்கில் இதுதான் எனக்குக் குறைவாகப் பிடித்தது. பிள்ளைகள் எல்லாரும் கத்துகிறார்கள், ஆசிரியர்கள் எல்லாரும் களைத்துப்போயிருக்கிறார்கள், அதிகாரிகள் ஓடித்திரிகிறார்கள். ஆனால் அதற்குள் ஒரு சின்னக் காட்சி. விசாரிக்க வந்த அதிகாரியின் சொந்த மகன் அதே பள்ளிக்கூடத்தில் படிக்கிறான். தகப்பன் படுகிற பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல், இன்ஸ்டகிராமில் கேட்டி போட்ட சின்னச் சின்னப் படங்களுக்கு என்ன அர்த்தம் என்று அவன் விளக்குகிறான். இதயத்தின் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு கருத்து. சிவப்புக் குளிசைக்கு இன்னொரு கருத்து. அன்பாகப் பேசியிருக்கிறாள் என்று பொலிஸ் நினைத்தது கேலி என்று தெரியவருகிறது. அடுத்த நாள் சோறு தின்னும்போது பேரனிடம் கேட்டேன். அவன் கோப்பையிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னான்: "அம்மம்மா, மஞ்சளுக்கும் ஊதாவுக்கும் வித்தியாசம் இரிக்கு. எல்லாருக்கும் தெரியும்." எல்லாருக்கும் என்றால் அவன் வயதுப் பிள்ளைகளுக்கு. மேசையில் இருந்த மூன்று பெரியவர்களுக்கும் தெரியாது.

மூன்றாம் பகுதியைப் பற்றி எழுதுவதற்காகவே இதை எழுத உட்கார்ந்தேன். ஒரு அறை, ஒரு மேசை, இரண்டு கதிரை. ஏழு மாதம் கழிந்துவிட்டது. உளவியலாளர் பிரையனி ஜேமியைப் பார்க்க வருகிறார். சூடான சொக்லேட் கொண்டுவருகிறார், தனது சான்ட்விச்சில் பாதியைக் கொடுக்கிறார். கிட்டத்தட்ட முழுப் பகுதியும் இந்த இரண்டு பேரின் பேச்சுத்தான். ஓவன் கூப்பர் என்ற பையனுக்கு இதுதான் முதல் நடிப்பு. அதிலும் முதலில் எடுத்தது இந்தப் பகுதி. சிரிக்கிறான், கொஞ்சுகிறான், திடீரென்று எழும்பிக் கத்துகிறான், அவர் பயந்ததைக் கண்டு அதில் ருசி காண்கிறான், அடுத்த நிமிடம் மறுபடி குழந்தை. அவன் எழும்பி நின்று அந்தப் பெண்ணைக் குனிந்து பார்க்கிற இடத்தில், அவன் இன்னும் மீசை முளைக்காத பிள்ளை என்பது மறந்துபோகிறது. எரின் டோஹர்டி எதிரில் இருந்து ஒவ்வொரு அடியையும் வாங்கிக்கொண்டு குரலை உயர்த்தாமல் கேள்வியைத் தொடர்கிறார். கடைசியில் காவலர் இழுத்துக்கொண்டு போகும்போது, என்னை உங்களுக்குப் பிடிக்குமா என்று கத்துகிறான். அவன் போனபின் அந்தப் பெண் தனியே நின்று மூச்சு வாங்குகிற நேரம் இருக்கிறதே, அதை விட்டுவைத்ததற்காக பரன்டினியைக் கும்பிடலாம். 2025 செப்டெம்பரில் எமி விருதுகளில் இந்தத் தொடர் அள்ளிக்கொண்டு போனது. 15 வயதில் அந்தப் பையன் வென்றான், எமி வென்ற நடிகர்களில் ஆண்பிள்ளைகளுக்குள் அவனே வயது குறைந்தவன். தகும்.

நான்காம் பகுதியில் ஜேமி திரையில் வருவதே இல்லை, போனில் குரல் மட்டும். தகப்பனுக்கு ஐம்பதாவது பிறந்தநாள். வீட்டு வாசலில் நிற்கும் வேனில் யாரோ இழிசொல்லைத் தீந்தையால் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதைத் துடைக்க முடியாமல் குடும்பமாகக் கடைக்குப் போகிறார்கள். ஒருவரையொருவர் சந்தோசப்படுத்தப் பாடுபடுகிறார்கள். அந்த வேனுக்குள் அவர்கள் பாட்டுக் கேட்டுச் சிரிக்கிற சிரிப்பு கொலையைவிடக் கொடுமையாக இருந்தது எனக்கு. பிறகு படுக்கையறையில் தாயும் தகப்பனும் பேசுகிறார்கள். என் அப்பா என்னை அடித்த மாதிரி நான் என் பிள்ளையை அடிக்கமாட்டேன் என்று எடி முடிவெடுத்திருந்தார், அடிக்கவும் இல்லை. பிள்ளை அறைக்குள்தானே இருக்கிறான், தெருவில் திரியவில்லையே என்று நிம்மதியாக இருந்தார்கள். அறைக்குள் இரவிரவாக வெளிச்சம் எரிந்தது. அவளை எப்படி இவ்வளவு நல்லவளாக வளர்த்தோம் என்று மகளைப் பற்றித் தகப்பன் கேட்க, அவனை வளர்த்த மாதிரித்தான் என்கிறார் தாய்.

என் மருமகன் வயரிங் வேலை செய்கிறவர். விடியப் போனால் இருட்டினபிறகுதான் வருவார். அதிகம் பேசமாட்டார். அந்த இடத்தில் எழும்பி வெளியே போய்க் கிணற்றடியில் நின்றார். திரும்பி வந்து, "மாமி, நம்மட பொடியன் கதவைச் சாத்திப்போட்டு என்ன பாக்கிறான் எண்டு எனக்கும் தெரியாதே" என்றார். நான் பதில் சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தகப்பனும் மகனுமாக இருந்து முதலாம் பகுதியிலிருந்து பார்த்தார்கள். நாங்கள் பெண்கள் குசினிப் பக்கம் போய்விட்டோம். பிரித்தானியாவில் இடைநிலைப் பாடசாலைகளில் இதை இலவசமாகக் காட்ட ஏற்பாடு செய்தார்கள். வகுப்பில் இருபது முப்பது பேரோடு இருந்து பார்ப்பதைவிட, தகப்பனோ தாயோ பக்கத்தில் இருந்து பார்ப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம். வகுப்பில் ஆண்பிள்ளைகள் ஒருவன் முகத்தை ஒருவன் பார்த்துச் சிரித்துச் சமாளித்துவிடுவார்கள்.

இந்தத் தொடரிடம் எனக்கு ஒரு கோபம் உண்டு. கேட்டியின் வீட்டுக்குள் யாரும் போகவில்லை. எல்லாரும் ஜேமியைத்தான் நினைவில் வைத்திருப்பார்கள், கேட்டியை ஒருவரும் நினைக்கமாட்டார்கள் என்று தொடருக்குள்ளேயே பெண் அதிகாரி ஒருத்தி சொல்கிறாள். தெரிந்தேதான் விட்டிருக்கிறார்கள். இருந்தாலும் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டு வாசலில் ஒரு மணித்தியாலம் அந்தக் கமரா நின்றிருக்கவேண்டும். ஐந்தாவது பகுதி ஒன்று கடன் இருக்கிறது.

அந்தக் கடனை வேறொரு தொடர் முன்னமே தீர்த்துவைத்திருக்கிறது என்றால் அது 'ஹெப்பி வெலி'. பிபிசியில் 2014, 2016, 2023 என்று மூன்று பருவங்கள். சாலி வெயின்ரைட் எழுதியது. மூன்றாவதற்கு ஏழு வருடம் காத்திருந்தார்கள், பேரனாக நடித்த பையன் உண்மையாகவே வளர்ந்து வரவேண்டும் என்பதற்காக. யோர்க்ஷயர் பள்ளத்தாக்கு ஊர் ஒன்றில் பொலிஸ் சார்ஜன்ட் கத்தரின் கேவுட். அவருடைய மகள் வல்லுறவுக்கு ஆளாகி, பிள்ளையைப் பெற்றபின் உயிரை விட்டவள். அந்தப் பிள்ளை ரயனைக் கத்தரின்தான் வளர்க்கிறார். புருசன் விலகிப்போனான், மகன் முகம் கொடுப்பதில்லை. குடியிலிருந்தும் போதையிலிருந்தும் மீண்ட தங்கச்சி கிளேர் மட்டும் கூட இருக்கிறாள். வளரும் பேரன் தகப்பனின் இரத்தமும்தான். அவன் பாடசாலையில் முரண்டு பிடிக்கும்போதெல்லாம் அம்மம்மாவின் கண்ணில் ஒரு பயம் வந்து போகும். சாரா லங்காஷயர் அந்தப் பயத்தை மறைக்கிற விதத்துக்கு எத்தனை விருதும் கொடுக்கலாம்.

எங்கள் பகுதியில் அம்மம்மா வளர்த்த பிள்ளைகள் நிறைய. சவூதிக்கும் குவைத்துக்கும் தாய்மார் போன வீடுகளில் பாடசாலைக் கூட்டத்துக்கு அம்மம்மாதான் போவார், அறிக்கைப் புத்தகத்தில் அவர்தான் கையெழுத்து வைப்பார். காசுக்கட்டளை மாற்றவும் பதிவுத் தபால் எடுக்கவும் அந்தப் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு என் கருமபீடத்துக்கு வந்தவர்களும் அவர்கள்தான். அவர்களில் ஒருத்தியைக்கூட நாடகத்தின் நாயகியாக நான் கண்டதில்லை. நம் தொலைக்காட்சியில் பாட்டி என்றால் மூலையில் இருந்து இருமுவார், இல்லையென்றால் மருமகளைத் திட்டுவார். கத்தரின் ஐம்பது தாண்டியவர், முழங்கால் நோகிறவர், வாய் கடுமையானவர். கதை முழுக்க அவருடையது.

மூன்றாம் பருவத்தில், பேரன் சிறையிலிருக்கும் தகப்பனைப் பார்க்கப் போய்வருகிறான் என்பது கத்தரினுக்குத் தெரியவருகிறது. கூட்டிக்கொண்டு போகிறது யார் என்று தேடிப் பின்தொடர்கிறார். ஷெஃபீல்டில் ஒரு சிற்றுண்டிக் கடையில் கிளேர் இருக்கிறாள். கத்தரின் வெளியே நின்று போன் எடுக்கிறார். எங்கே நிற்கிறாய் என்று கேட்கிறார். தங்கச்சி பொய் சொல்கிறாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். பிறகு உள்ளே வந்து எதிரில் உட்காருகிறார். அந்தக் காட்சியில் துப்பாக்கி இல்லை, துரத்தல் இல்லை. ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேர், நடுவில் ஒரு மேசை. கிளேர் செய்ததும் அன்பினால்தான், பையன் களவாகத் தனியே போய்விடுவான் என்ற பயத்தினால்தான். அதையும் விளங்கிக்கொண்டு, அக்காவின் நெஞ்சு உடைந்ததையும் விளங்கிக்கொண்டு, யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல் இருந்தேன். சியோபன் ஃபின்னரனின் முகத்தில் அந்தப் பொய் கரைகிற நொடியை நீங்களே பாருங்கள். நான் பார்த்த எல்லாத் தொடர்களுக்குள்ளும் முதலிடம் இதற்குத்தான். அடுத்தது பேட்ஸ். மூன்றாவது 'அடலசன்ஸ்'. மகளிடம் கேட்டால் வரிசையைத் தலைகீழாகச் சொல்வாள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 'டொக்சிக் டவுன்', 'அடலசன்ஸ்' வருவதற்கு இரண்டு கிழமை முன்னர் நெட்பிளிக்ஸில் வந்தது, எழுதியதும் அதே ஜாக் தோர்ன். கோர்பி என்ற ஊரில் மூடப்பட்ட உருக்காலையின் நச்சுச்சேற்றை மூடாத லொறிகளில் ஊருக்குள்ளால் ஏற்றினார்கள். கை கால் குறைபாட்டோடு பிள்ளைகள் பிறந்தன. தாய்மார் சேர்ந்து நகரசபைமேல் வழக்குப் போட்டு 2009இல் வென்றார்கள். ஜோடி விட்டேக்கர் நெருப்பு மாதிரி நடிக்கிறார். இங்கேயும் பெண்கள் ஒருவரையொருவர் கண்டுபிடிக்கிற இடம்தான் சிறந்த இடம். நான்கு பகுதிதான், தயங்காமல் பார்க்கலாம். 'வூல்ஃப் ஹோல்' தொடரின் இரண்டாம் பாகம் 2024 நவம்பரில் வந்தது. மார்க் ரைலன்ஸ் பேசாமல் இருக்கும்போதும் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் குரோம்வெல்லின் மனம் ஓடுவது தெரிகிறது. ஆனால் ஹென்றியின் வரலாறு கொஞ்சமாவது தெரியாமல் உட்கார்ந்தால் யார் யாரென்று பிடிபடாது. அப்பிளில் வருகிற 'ஸ்லோ ஹோர்ஸஸ்' ஒற்றர் கதை. வேலையில் சறுக்கியவர்களைப் பாழடைந்த கட்டடம் ஒன்றில் கோப்பு அடுக்கப் போட்டுவைத்திருக்கிறார்கள். கெரி ஓல்ட்மன் அதன் தலைவர். ஓட்டமும் துப்பாக்கிச் சூடும் என்னைவிட மருமகனுக்குப் பிடித்தவை. எனக்கு அந்தத் தூசிபடிந்த கோப்பறைகளும், ஒதுக்கப்பட்ட மனிதர்கள் விடாமல் வேலைக்கு வருகிறதும் பிடித்தன.

பார்க்க நினைப்பவர்களுக்கு இரண்டு விசயம். யோர்க்ஷயர்ப் பேச்சும் லிவர்பூல் பேச்சும் நாங்கள் படித்த ஆங்கிலம் அல்ல. ஆங்கில எழுத்துவரிகளைப் போட்டுக்கொண்டே பாருங்கள், இல்லாவிட்டால் முணுமுணுத்துச் சொல்கிற நல்ல வசனங்கள் எல்லாம் தப்பிப்போகும். 'ஹெப்பி வெலி'யை எல்லாரும் மூன்றாம் பருவத்துக்காகவே புகழ்கிறார்கள் என்று அங்கே தாவிவிடவேண்டாம். 2014இன் முதலாம் பருவத்தில் ரயன் சின்னப் பிள்ளை. அவன் அம்மம்மாவின் கையைப் பிடித்து நடந்ததைப் பார்த்தபின்தான் ஷெஃபீல்டில் அந்த மேசைக்கு முன்னால் உட்காரவேண்டும்.